விசையைக் கொடுப்பது யார்?

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், சயாஜி ராவ் சாலையை ஒட்டியிருக்கும் தேவராஜ மார்க்கெட்டுக்குள் சரக்கு போவது பெரும்பாலும் தள்ளுவண்டியில்தான். நஞ்சன்கூடு ரசபாளே வாழைத்தார், வெற்றிலைக் கட்டு, மல்லிகை மூட்டை எல்லாம் அப்படித்தான் உள்ளே வருகின்றன. கைப்பழக்கம் உள்ளவர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போகமாட்டார். நாலடி முன்பாகவே கையை எடுத்துவிடுவார். வண்டி தானே உருண்டு, வேகம் குறைந்து, கடை வாசலில் வந்து நிற்கும்.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வண்டியை வைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கையை எடுத்த பிறகு வண்டி இன்னும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சில நொடிகளில் அதன் மேல் முன்னோக்கிச் செயல்படும் விசை எவ்வளவு? நியூட்டனின் மூன்று விதிகளையும் பிசகாமல் ஒப்பிக்கிற மாணவர்கூட இந்த இடத்தில் தயங்குவார். "சார், தள்ளின விசை கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல? அது தீர்ந்ததும் வண்டி நின்னுடும்" என்று பதில் வரும்.

சரியான விடை பூஜ்யம். கை விலகிய கணத்திலிருந்து வண்டியை முன்னே தள்ளுவது எதுவும் இல்லை. கிடைத்திசையில் அதன் மேல் இருப்பது பின்னோக்கி இழுக்கும் உராய்வு மட்டுமே.

விசையும் இயக்கமும் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவதற்குச் சூத்திரம் மறந்துபோவது காரணமில்லை என்பது என் உறுதியான எண்ணம். F = ma என்ற மூன்று எழுத்தை யாரும் மறப்பதில்லை. அந்த F-இன் இடத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதில்தான் சிக்கல். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான கணக்குகள் வழிக்கு வந்துவிடும். விசை என்று எதை எழுதினாலும், அதைக் கொடுக்கும் பொருள் எது, வாங்கும் பொருள் எது என்று இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும். கொடுப்பவர் பெயர் சொல்ல முடியாவிட்டால் அப்படி ஒரு விசையே இல்லை.

ஓடும் வண்டிக்கு இதைப் பொருத்துங்கள். முன்னோக்கிய விசையைக் கொடுப்பது யார்? கை தொடவில்லை. காற்று எதிரே நிற்கிறது. தரை பின்னே இழுக்கிறது. பூமி கீழே இழுக்கிறது. முன்னோக்கித் தள்ள ஆளே இல்லை.

தவறாகச் சொன்ன பிள்ளையை மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. உலகின் கூர்மையான தலைகள் பல நூற்றாண்டுகள் நின்ற இடத்தில்தான் அந்தப் பிள்ளையும் நிற்கிறது. எறிந்த பொருள் கையை விட்ட பின்னும் ஏன் போகிறது என்பதற்கு, அதைச் சூழ்ந்த காற்றுதான் தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். நம் நாட்டு வைசேஷிகத் தத்துவவாதிகள் இன்னும் நுட்பமாக யோசித்தார்கள். வில்லை விட்ட அம்பு தொடர்ந்து பறப்பதற்கு, அதில் பதிந்துவிடும் 'வேகம்' என்ற ஒரு சம்ஸ்காரமே காரணம் என்று பிரசஸ்தபாதர் விளக்கினார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் ஃபிலோப்போனஸும் எறிபவரின் கை பொருளுக்குள் ஒரு உந்துதலைப் பதித்து அனுப்புகிறது என்ற முடிவுக்குத்தான் வந்தார். இயக்கம் தொடர்வதற்குக் காரணம் தேவையில்லை, இயக்கம் மாறுவதற்குத்தான் காரணம் தேவை என்று கேள்வியையே திருப்பிப் போட கலிலியோவும், 1687-இல் 'பிரின்சிப்பியா' எழுதிய நியூட்டனும் வர வேண்டியிருந்தது.

1982-இல் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்களிடம், மேலே சுண்டிய நாணயம் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் உள்ள விசைகளை வரையச் சொன்னார். பெரும்பாலோர் கீழ்நோக்கி ஒன்றும், அதைவிடப் பெரிதாக மேல்நோக்கி ஒன்றும் வரைந்தார்கள். மேல்நோக்கிய அந்த அம்புக்குக் கொடுப்பவர் கிடையாது. 1992-இல் ஹெஸ்டனஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், கூட்டல் பெருக்கலே வேண்டாத, கருத்தை மட்டும் சோதிக்கும் வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். நீளமான கணக்குகளை முடிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர்களும் அதில் சறுக்குவதைப் பேராசிரியர்கள் பல நாடுகளில் கண்டார்கள். ஆக, இது நம் ஊர்ப் பாடத்திட்டத்துக்கு மட்டுமான குறை என்று வருந்த வேண்டாம்.

இனி வண்டிக்கணக்கை எண்களோடு பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சரக்கோடு வண்டியின் நிறை 200 கிலோகிராம். சக்கரம், அச்சு, தரை எல்லாம் சேர்ந்து தரும் பின்னிழுப்பு 100 நியூட்டன். (ஒரு நியூட்டன் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டுமானால், 100 கிராம் வாழைப்பழம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்க நீங்கள் கொடுப்பது கிட்டத்தட்ட ஒரு நியூட்டன்.)

முதல் கேள்வி: வண்டி சீரான வேகத்தில் போக எவ்வளவு விசையோடு தள்ள வேண்டும்? "நூறுக்குமேல்" என்று எழுதும் மாணவர் நிறைய. நூறேதான். வேகம் மாறவில்லை என்றால் முடுக்கம் பூஜ்யம். முடுக்கம் பூஜ்யம் என்றால் முன்னோக்கியதும் பின்னோக்கியதும் சமம். நூறுக்கு மேலே தள்ளினால் வண்டி சீராகப் போகாது, வேகம் கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது: நிற்கும் வண்டியை 160 நியூட்டன் விசையோடு 4 நொடி தள்ளுகிறார். தொகுபயன் விசை 60 நியூட்டன். அதை 200-ஆல் வகுத்தால் முடுக்கம் நொடிக்கு நொடி 0.3 மீட்டர். 4 நொடி முடிவில் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். அதற்குள் கடந்த தூரம் 2.4 மீட்டர். இப்போது கையை எடுக்கிறார். மிச்சம் இருப்பது 100 நியூட்டன் பின்னிழுப்பு மட்டும். எதிர்முடுக்கம் 0.5. ஆகவே 2.4 நொடியில், 1.44 மீட்டர் ஓடி வண்டி நிற்கும். வாழைத்தார் இறக்குபவர் தாளும் பேனாவும் இல்லாமல் எங்கே கையை எடுக்க வேண்டும் என்று கணிப்பது இந்த 1.44 மீட்டரைத்தான்.

அந்தப் பிள்ளை 'மிச்சம் இருக்கும்ல' என்று சொன்னதில் ஒரு உண்மையும் இருக்கிறது. அதை ஆசிரியர் தட்டிவிடாமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். கை விலகிய வண்டியில் மிச்சம் இருப்பது விசை இல்லை, உந்தம். 200 கிலோகிராமை 1.2-ஆல் பெருக்கினால் 240. முதல் 4 நொடியில் 60 நியூட்டன் வண்டியில் சேர்த்தது 240. பிறகு 2.4 நொடியில் 100 நியூட்டன் உராய்வு வெளியே எடுத்ததும் அதே 240. உந்தம் வண்டியிடம் இருப்பது. விசை இரண்டு பொருள்களுக்கிடையே அந்தந்தக் கணத்தில் நடப்பது. பிரசஸ்தபாதரும் ஃபிலோப்போனஸும் தேடியது கிட்டத்தட்ட இந்த உந்தத்தை என்றே எனக்குப் படுகிறது. அதைக் காரணமாக வைத்தார்கள், நியூட்டன் அதைக் கணக்கிட வேண்டிய அளவாக வைத்தார்.

மூன்றாவது விதிக்கு வருவோம். மைசூரில் அரண்மனையைச் சுற்றி இன்றும் தாங்கா, அதாவது குதிரைவண்டி, ஓடுகிறது. குதிரை வண்டியை முன்னே இழுக்கிறது. வண்டியும் அதே அளவு விசையோடு குதிரையைப் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர். அப்படியானால் வண்டி எப்படி நகர்கிறது? விவரமான மாணவர் இதைக் கட்டாயம் கேட்பார். "அது அப்படித்தான்பா, விதி" என்று அடக்கிவிட்டால் அன்றோடு அவருக்கு இயற்பியல் மேல் நம்பிக்கை போய்விடும்.

இங்கேயும் கொடுப்பவர், வாங்குபவர் பெயரை எழுதினால் போதும். குதிரையின் இழுப்பை வாங்குவது வண்டி. வண்டியின் இழுப்பை வாங்குவது குதிரை. இரண்டு விசைக்கும் வாங்குபவர் வேறு. ஒரே பொருளின் மேல் வரும் விசைகளைத்தான் கூட்டிக் கழிக்க முடியும். என் வீட்டு வரவையும் பக்கத்து வீட்டுச் செலவையும் ஒரே நோட்டில் எழுதிக் கழித்துவிட்டு மிச்சம் பூஜ்யம் என்று சொல்ல முடியாது அல்லவா?

ஆட்களோடு வண்டியின் நிறை 400 கிலோகிராம், குதிரை 300, வண்டிச் சக்கரத்தின் பின்னிழுப்பு 100 நியூட்டன், முடுக்கம் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மட்டும் தனியே வரைந்தால், முன்னே குதிரையின் இழுப்பு, பின்னே 100. இரண்டின் வித்தியாசம் 400 × 0.5, அதாவது 200. எனவே இழுப்பு 300 நியூட்டன். அடுத்து குதிரையை மட்டும் தனியே வரையுங்கள். பின்னே வண்டியின் 300. முன்னே? இங்கேதான் பலர் 'குதிரையின் பலம்' என்று எழுதுகிறார்கள். குதிரை தன்னைத்தானே தள்ள முடியாது. குளம்பால் சாலையைப் பின்னே உதைக்கிறது, சாலை அதை முன்னே தள்ளுகிறது. முன்னோக்கிய விசையைக் கொடுப்பது சாலை. அதன் அளவு 300-உடன் 300 × 0.5 சேர்த்து 450 நியூட்டன். சரிபார்க்க, குதிரையையும் வண்டியையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். 450-இல் 100 போக 350. மொத்த நிறை 700-ஐ 0.5-ஆல் பெருக்கினாலும் 350. இந்த மூன்றாவது படத்தில் 300 எங்குமே வரவில்லை, ஏனென்றால் அது உள்ளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். மழையில் வழுக்கும் சாலையில் குதிரைக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் குளம்பு சறுக்குவதன் காரணமும் இதுதான். சாலை 450 கொடுக்க முடியாதபோது குதிரையால் ஒன்றும் செய்ய முடியாது.

பிளஸ் ஒன் புத்தகம் இதைத் 'தனித்த பொருளின் விசைப்படம்' என்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் படத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்துவிடலாம். முக்கோணவியல் இல்லாமலே தள்ளுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் வரைந்துவிட முடிகிறதே.

தராசைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மார்க்கெட்டில் உதிரிப்பூ நிறுக்கும் இரண்டு தட்டுத் தராசு, பூவையும் எடைக்கல்லையும் ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரண்டு தட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அந்தத் தராசை நிலவுக்குக் கொண்டுபோனாலும் அதே அளவைக் காட்டும். பக்கத்துக் கடை டிஜிட்டல் தராசு அளப்பது பூ தன் தட்டை அழுத்தும் விசையை. பூமியின் நடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் 9.780, துருவத்தில் 9.832. நடுக்கோட்டில் சரிபார்த்த டிஜிட்டல் தராசைத் துருவத்துக்கு எடுத்துப்போனால் ஒரு கிலோவுக்கு 5 கிராம் கூடுதலாகக் காட்டும். நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு என்ன என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு அட்டவணை போடுவதைவிட, இந்த இரண்டு தராசையும் அருகருகே காட்டிவிடுவது நல்லது.

இந்தப் பாடத்துக்கு மைசூரு தரக்கூடிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆண்டுக்கொரு முறை சயாஜி ராவ் சாலையிலேயே நடந்து போகிறது. விஜயதசமி அன்று ஜம்பூ சவாரி என்ற தசரா யானை ஊர்வலம் அரண்மனையிலிருந்து கிளம்பி, கே.ஆர். சர்க்கிளில் திரும்பி, தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிச் சென்று பன்னிமண்டபத்தை அடைகிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சாமுண்டேஸ்வரி வீற்றிருக்கும் தங்க அம்பாரியின் நிறை 750 கிலோகிராம். பலராமன், அவனுக்குப் பின் அர்ஜுனன், 2020-இலிருந்து அபிமன்யு என்று யானைகள் அதைச் சுமந்து வந்திருக்கின்றன. தசராவுக்குப் பல வாரங்கள் முன்பே யானைகள் ஊருக்குள் வந்துவிடும். முதலில் வெறுமனே நடை, பிறகு முதுகில் மணல் மூட்டை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் பாரம், பிறகு மர அம்பாரி என்று பயிற்சி நடக்கும்.

அம்பாரியை மட்டும் தனியே எடுத்து வரையலாம். பூமி அதைக் கீழே இழுப்பது 750 × 9.8, அதாவது 7,350 நியூட்டன். யானையின் முதுகு, மெத்தை வழியாக, மேலே தாங்குவது சராசரியாக அதே 7,350. நடக்கும்போது முதுகு ஏறி இறங்குவதால் ஒவ்வொரு அடியிலும் இது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். யானை நேர் சாலையில் சீராக நடக்கும்போது அம்பாரியை முன்னே நகர்த்த எவ்வளவு விசை வேண்டும்? காற்றின் தடையை விட்டுவிட்டால், சராசரியில் பூஜ்யம். இத்தனை பெரிய பாரம், முன்னோக்கிய விசை இல்லையா என்று வியப்பாக இருக்கும். யானை சிரமப்படுவது பாரத்தைத் தாங்குவதற்கும், ஒவ்வொரு அடியிலும் உடலை ஏற்றி இறக்குவதற்கும். அம்பாரி முன்னே போய்க்கொண்டிருப்பதற்காக அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது கதை வேறு. 2 நொடியில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்றால் முடுக்கம் 0.5. அம்பாரி மேல் 375 நியூட்டன் முன்னோக்கி வேண்டும். அதைக் கொடுப்பது மெத்தையின் உராய்வும், வரிந்து கட்டிய கயிறும். யானை சட்டென்று நின்றாலும் அவையேதான் அம்பாரியைப் பின்னே பிடித்து நிறுத்த வேண்டும். நிற்கும் நேரம் அரை நொடியாகச் சுருங்கினால் விசை நான்கு மடங்காகி 1,500 நியூட்டனை எட்டும். யானைக்கு அவசர நடை ஆகாது என்று பாகர்கள் பழக்குவதிலும், அம்பாரி கட்டுபவர்கள் கயிற்றை அத்தனை கவனமாக இறுக்குவதிலும் நியூட்டன் இருக்கிறார்.

கே.ஆர். சர்க்கிள் திருப்பத்தைத்தான் நான் வகுப்பில் நீட்டிப் பேசச் சொல்வேன். யானை வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடுக்கம் உண்டா? உண்டு. திசை மாறினாலும் திசைவேகம் மாறியதாகத்தான் கணக்கு. நொடிக்கு 1 மீட்டர் வேகம், வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் அம்பாரி மேல் வளைவின் மையம் நோக்கி வேண்டிய விசை 750 × 1 ÷ 20, வெறும் 37.5 நியூட்டன். நாலு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசைகூட இல்லை. இதே வளைவில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பஸ் திரும்பினால், வேகம் பத்து மடங்கு, விசை நூறு மடங்கு. அதில் நின்றபடி வரும் 60 கிலோகிராம் பயணியை வளைவோடு திருப்ப 300 நியூட்டன் வேண்டும். அதைக் கொடுப்பது காலடித் தளமும், அவர் பிடித்திருக்கும் கம்பியும்.

'வெளியே தள்ளுகிற விசை' ஒன்று இருந்ததே, எங்கே என்று பயணி கேட்பார். யார் தள்ளினார்கள்? பக்கத்தில் நின்றவர் தள்ளவில்லை, ஜன்னல் இழுக்கவில்லை. அவர் உடல் நேரே போகப் பார்த்தது, பஸ் திரும்பியது, அவ்வளவே. பஸ்ஸோடு சேர்ந்து திரும்புகிறவரின் பார்வையிலிருந்து கணக்குப் போட அப்படி ஒரு விசையைக் கற்பித்துக்கொள்வது கல்லூரியில் வரும், அது முறையான வழியும்கூட. பள்ளிப் பிள்ளை தரையில் நின்று பார்க்கட்டும். தரையிலிருந்து பார்த்தால் அந்த விசைக்குக் கொடுப்பவர் இல்லை.

நகரும் பொருளோடு நிறுத்திவிடுவது இந்தப் பாடத்தில் வழக்கமாக நடக்கும் இன்னொரு தவறு. அசையாமல் நிற்பதில் விசை இல்லை என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். தேவராஜ மார்க்கெட்டும், அதற்கு அருகிலுள்ள லேன்ஸ்டௌன் கட்டடமும் நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை. 2012 ஆகஸ்டில் லேன்ஸ்டௌன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். 2016 ஆகஸ்டில், புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. இடிப்பதா, காப்பதா என்ற வாதம் பிறகு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஆனால் நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு நொடியும் பூமி அந்தக் கூரையைக் கீழே இழுத்தது, சுவர் அதை மேலே தாங்கியது, அடித்தளம் சுவரைத் தாங்கியது, மண் அடித்தளத்தைத் தாங்கியது. ஒவ்வொரு தளத்திலும் கொடுப்பவரும் வாங்குபவரும் உண்டு. பூமியின் இழுப்பு என்றும் குறையாது. தாங்குபவர்களில் ஒருவருக்குக் கொடுக்கும் திறன் போய்விட்டால், அந்தக் கணத்தில் தொகுபயன் விசை பூஜ்யமாக இருக்காது. அதன்பின் F = ma தன் வேலையைச் செய்துவிடுகிறது. மேலே எத்தனை கிலோகிராம், கீழே தாங்கும் சுவரால் எவ்வளவு முடியும் என்று கேட்பது கட்டடப் பொறியாளரின் வேலை. அதன் முதல் வரியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே எழுதிவிட முடியும் என்பதை நாம் சொல்லித்தர வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் 'இயக்க விதிகள்' என்ற பாடத்தோடுதான் தொடங்குகிறது. ஆண்டின் முதல் பாடம் என்பதால் பல பிள்ளைகளுக்கு இயற்பியல் மேல் விருப்பமா வெறுப்பா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. 1963-இல் தொடங்கிய மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்துக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்மாநிலங்களிலிருந்து ஆசிரியர்களும் ஆசிரியர் ஆகப் போகிறவர்களும் வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் ஒரு காலைப்பொழுதைத் தேவராஜ மார்க்கெட்டில், நோட்டும் பென்சிலுமாக, ஒவ்வொரு வண்டிக்கும் தராசுக்கும் விசைப்படம் வரைவதில் செலவழித்துவிட்டு ஊர் திரும்பட்டும் என்பது என் விருப்பம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து மதிப்பெண் கணக்கில் இப்போது படிகளுக்கும் விடைக்கும் மதிப்பெண் பிரிக்கிறார்கள். அதில் இரண்டை, படம் வரைந்து ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் "சாலை, குதிரை மேல்", "பூமி, அம்பாரி மேல்" என்று பெயர் எழுதுவதற்கு ஒதுக்கலாம். பெருக்கலில் தவறு செய்த பிள்ளைக்கும் அந்த இரண்டு மதிப்பெண் கிடைக்கட்டும். விடையை மட்டும் சரியாக எழுதி, வண்டியை முன்னே தள்ள இல்லாத ஒரு விசையையும் வரைந்த பிள்ளைக்கு அவை கிடைக்க வேண்டாம்.